எலுமிச்சை கடைசியில்தான்! தாய்லாந்துக் கடலுணவு: வாசகர் கேள்வி பதில்

விடுமுறைக்குத் தாய்லாந்து கிளம்புகிறவர்களும், அங்கே தண்ணீர்க்கரைக் கடைகளில் சாப்பிட்டதை வீட்டில் செய்து பார்க்கிறவர்களும் மதுரை வட்டாரத்திலிருந்து அனுப்பிய கேள்விகளில் எட்டு இங்கே.

அரையாண்டு லீவில் பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் இரண்டு பேர் புக்கெட் போகிறோம். கடலோரக் கடைகளில் மீனை எடை போட்டுத்தான் தருவார்களாம். பில் எகிறிவிடும் என்று போய்வந்தவர்கள் பயமுறுத்துகிறார்கள். எப்படி ஆர்டர் செய்வது?
– வாசகர், அண்ணா நகர், மதுரை

பலகையில் இருப்பதைக் கிலோ விலை என்று நினைத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் பில் எகிறக் காரணம். தாய்லாந்துக் கடைகளில் மீன், நண்டு, இறால் விலையை ‘கீட்’ கணக்கில் எழுதும் வழக்கம் உண்டு. ஒரு கீட் என்றால் 100 கிராம். 80 என்று எழுதியிருந்தால் கிலோ 800 பாட் (தாய்லாந்து நாணயம்). 900 கிராம் மீன் எடுத்தால் 720 பாட். இதைத் தெரிந்துகொண்டு போனாலே பாதிப் பயம் போய்விடும்.

ஐஸ் தட்டிலோ தொட்டியிலோ இருப்பதை நீங்களே கைகாட்டி எடுங்கள். உங்கள் கண்முன்னே தராசில் வைக்கச் சொல்லுங்கள். எடை, கீட் விலை, மொத்தம் மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். மொழி தெரியாவிட்டாலும் கால்குலேட்டரைக் காட்டினால் போதும், எழுதித் தருவார்கள். பெரிய நண்டின் கொடுக்குகளைத் தடித்த ஈரக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். அந்தக் கயிறும் தராசில் ஏறும். கயிற்றுக்குக் கழிவு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சமையல் கூலி விலையில் சேர்த்தியா, தனியா என்பதை அதே இடத்தில் கேட்டுவிட வேண்டும். புக்கெட்டின் ரவாய் கடற்கரையில் மீன் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே வாங்கிப் பக்கத்து உணவகத்தில் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிச் சமைத்துத் தருவார்கள். ஆக, அங்கே இரண்டு பில். தெரியாமல் போனால் இரண்டாவது பில் வரும்போது சண்டைதான்.

விலைப் பட்டியலின் அடியில் ‘++’ என்று இருந்தால் 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதற்குமேல் 7 சதவீத வாட் வரி. 1000 பாட்டுக்குச் சாப்பிட்டால் கையிலிருந்து 1177 போகும். சாதாரணக் கரையோரக் கடைகளில் இது பெரும்பாலும் இருக்காது. மேசையில் வைக்கும் உறைபோட்ட ஈரத் துண்டைப் பிரித்தால் அதற்கும் சில்லறை சேர்ப்பது உண்டு.

என்ன வாங்கலாம்? ஆளுக்கொரு தட்டு என்ற கணக்கை மறந்துவிடுங்கள். எல்லாம் நடுவில் வரும், எல்லோரும் எடுத்துச் சாப்பிடுவது. ஆறு பேருக்கு, 900 கிராம் அளவில் ஒரு முழு மீன் எலுமிச்சை ஊற்றி ஆவியில், அரைக் கிலோ இறால் தணலில் சுட்டது, ஒரு சட்டி டாம் யம் (புளிப்பும் காரமுமான சூப்), பூண்டு போட்டுப் பொரித்த கணவாய் ஒரு தட்டு, பிள்ளைகளுக்கு நண்டு போட்ட வறுத்த சோறு, ஒரு வள்ளைக்கீரை வதக்கல். வெள்ளைச் சோறு வேண்டுகிற அளவுக்கு. வெந்தது வெந்தபடியே ஒவ்வொன்றாக வந்து இறங்கும், சோறு கடைசியில் வந்தாலும் வரும். அதனால் “சோறு முதலில்” என்று சொல்லி வையுங்கள். சாப்பிட வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி. முள்கரண்டி கரண்டிக்குள் தள்ளுவதற்குத்தான், வாய்க்குப் போகாது. சுட்ட இறாலையும் நண்டையும் கையால் உரித்துத் தின்பது அங்கேயும் வழக்கம்தான், கூச்சப்பட வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ‘மை பெட்’ (காரம் வேண்டாம்) என்று சொல்லுங்கள். ‘பெட் நித் நோய்’ என்றால் கொஞ்சம் காரம். ஆனால் பக்கத்தில் கிண்ணத்தில் வரும், தொட்டுக்கொள்ளும் பச்சைச் சாந்துக்கு இந்தச் சொல் செல்லாது. அது ஊசி மிளகாயை இடித்துச் செய்தது, அப்படியேதான் வரும். காரம் ஏறிவிட்டால் தண்ணீர் உதவாது, மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் கரையாது. சோறும் வெள்ளரிக்காயும் கொடுங்கள், பால் இருந்தால் இன்னும் நல்லது.

டிசம்பர் கடைசி புக்கெட்டுக்கு நல்ல காலம். அந்தமான் கடல் பக்கம் மழைக்காற்று மே முதல் அக்டோபர் வரை.

டாம் யம் செய்தேன். ஒரு லிட்டர் தண்ணீரில் இறால், எலுமிச்சம்புல், இஞ்சி, நார்த்தை இலை, மூன்று எலுமிச்சம்பழச் சாறு எல்லாம் போட்டு இருபது நிமிடம் கொதிக்கவிட்டேன். கசப்பு, இறால் ரப்பர். எங்கே தவறு?
– வாசகி, திருமங்கலம்

சாமான் ஏறக்குறைய சரி. போட்ட நேரம்தான் தவறு. எலுமிச்சைச் சாற்றைக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும், மிஞ்சுவது வெறும் புளிப்பும் கசப்பும். தோலையும் விதையையும் சேர்த்துக் கசக்கிப் பிழிந்திருந்தால் கசப்பு இன்னும் கூடும். இலையும் இருபது நிமிடம் கொதித்தால் கசக்கத்தான் செய்யும். ரசத்தை நுரை கட்டியதும் இறக்குகிறோமே, அந்தப் பக்குவம் இதற்கும் வேண்டும்.

நான்கு பேருக்கு அளவு சொல்கிறோம். தலையோடு இருக்கும் இறால் 400 கிராம். தலையையும் ஓட்டையும் கழற்றி, இரண்டு ஸ்பூன் எண்ணெயில் சிவக்க வதக்கி, கரண்டியால் தலைகளை நசுக்குங்கள். எண்ணெய் ஆரஞ்சு நிறமாகும். அந்த நிறத்தில்தான் ருசி இருக்கிறது. ஓட்டைத் தூக்கி எறிந்துவிட்டு எவ்வளவு மசாலா போட்டாலும் அது வராது. ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பதினைந்து நிமிடம் கொதித்ததும் வடிகட்டுங்கள், ஒரு லிட்டர் நிற்கும்.

அந்தச் சாற்றில் எலுமிச்சம்புல் மூன்று தண்டு (அடிப்பக்கம் ஒரு சாண் மட்டும், நசுக்கி), பேரரத்தை ஏழெட்டு வில்லை, நடுநரம்பு கிள்ளிய நார்த்தை இலை ஐந்தாறு போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். சிப்பிக்காளான் 150 கிராம் கிழித்துப் போட்டு இரண்டு நிமிடம். பிறகு இறால். சுருண்டு பிறை மாதிரி வளையும்போது அடுப்பை அணையுங்கள், ஒன்றரை நிமிடம் கூட ஆகாது. வட்டமாகத் தலையும் வாலும் தொட்டுவிட்டால் ரப்பர்தான். அணைத்த பிறகு மீன் சாஸ் மூன்று மேசைக்கரண்டி, இடித்த மிளகாய் ஆறு, நான்கு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. நல்ல பழமாக இருந்தால் இரண்டே போதும். கலக்கி, ருசி பார்த்து, குறைவதைச் சேருங்கள். உப்பு தனியாகப் போட வேண்டாம்.

இது தெளிந்த வகை, ‘நாம் சாய்’. உணவகங்களில் சிவப்பாகக் கொழகொழவென்று வருவது ‘நாம் கோன்’. அதில் வறுத்த மிளகாய் விழுதும் கெட்டிப்பாலும் சேரும். விழுதை வீட்டிலேயே செய்யலாம்: வற்றல் மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு மூன்றையும் வெறும் சட்டியில் கருக விடாமல் வறுத்து அரைத்து, எண்ணெயில் சுருள வதக்கி, துளி புளியும் வெல்லமும் சேர்த்தால் ஆயிற்று. சட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். கெட்டிப்பால் என்றால் சர்க்கரை சேர்க்காதது. இனிப்பு டின் பாலை ஊற்றிவிடாதீர்கள்.

புல், அரத்தை, இலை மூன்றும் மணத்துக்கு மட்டும். பிரியாணிப் பட்டை மாதிரி ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுங்கள். இறால் டாம் யம்மை யுனெஸ்கோ 2024இல் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இஞ்சியும் அரத்தையும் ஒன்றுதானே? மதுரையில் எங்கே கிடைக்கும்? தாய்லாந்தில் மணத்துக்குப் போடும் காஃபிர் லைம் என்ற எலுமிச்சை வகையின் இலைக்கு என்ன செய்வது?
– வாசகர், மேலூர்

ஒன்றல்ல. இஞ்சியில் உறைப்பு; பேரரத்தையில் மிளகும் பைன் மரப் பிசினும் கலந்த மாதிரி ஒரு மணம். இஞ்சி போட்டால் சூப் சளிக் கஷாயம் மாதிரி ஆகிவிடும். கீழமாசி வீதிப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் “அரத்தை” என்று மட்டும் கேட்டால் சிற்றரத்தையை எடுத்துக் கொடுத்துவிடலாம். “பேரரத்தை” என்று அழுத்திக் கேளுங்கள். அது காய்ந்தது. அரைமணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, பச்சைக்குச் சொன்ன அளவில் பாதி போடுங்கள், மணம் கட்டையாகத்தான் இருக்கும். நர்சரியில் ஒரு கிழங்கு வாங்கித் தொட்டியில் வைத்துவிட்டால் மறுவருடத்திலிருந்து பச்சையாகவே தோண்டலாம். எலுமிச்சம்புல்லும் அப்படித்தான், ஒரு தூர் போதும்.

இலைக்கு வேப்பிலைக்கட்டி இடிக்கும் வீட்டில் கேளுங்கள். அதற்குப் பறிக்கிற நார்த்தை இலையும் எலுமிச்சை இலையும்தான் நமக்கு மாற்று. இரண்டையும் பாதிப் பாதி, கொழுந்தாகப் பார்த்து, நடுநரம்பைக் கிழித்து எடுத்துவிட்டுப் போடுங்கள். தாய்லாந்திலும் நரம்பைக் கிழித்துத்தான் போடுகிறார்கள். மணம் அச்சு அசலாக இருக்காது, ஆனால் அந்தக் குடும்பத்து மணம்.

அம்மா சுத்த சைவம். கடலுணவுக் கடையில் அவருக்கு ஏதாவது கிடைக்குமா?
– வாசகி, எஸ்.எஸ். காலனி, மதுரை

உண்மையைச் சொன்னால், அந்தக் கடையில் அவருக்கு வெள்ளைச் சோறு, பழம், இளநீர்தான் நிச்சயம். வள்ளைக்கீரை வதக்கலில்கூடச் சிப்பிச் சாஸ் இருக்கும், பப்பாளிக்காய் சாலட்டில் மீன் சாஸும் காய்ந்த இறாலும் இருக்கும். “மை சாய் நாம் ப்லா” (மீன் சாஸ் போடாதீர்கள்) என்று சொன்னாலும் வாணலி அதே வாணலி. அம்மாவை முதலில் ‘ஜே’ கடைக்குக் கூட்டிப் போய்ச் சாப்பிட வைத்துவிடுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்டிருக்கும் கடை அது. ஜே உணவில் இறைச்சி, மீன், முட்டை, பால் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டும் கிடையாது. ‘மங்சவிரத்’ என்பதும் சைவம்தான். ஆனால் முட்டை சேரலாம்.

ஆவியில் வேகவைத்து எலுமிச்சை ஊற்றிய மீனை இட்லிச் சட்டியில் செய்யலாமா? எந்த மீன் வாங்குவது? ஒருமுறை செய்ததில் கவுச்சி தாங்கவில்லை.
– வாசகர், உசிலம்பட்டி

தாராளமாகச் செய்யலாம். தாய்லாந்தில் இதற்கு எடுக்கும் ‘ப்லா கபோங்’ நம் கொடுவா மீனேதான், அதே இனம். பண்ணைகளிலும் வளர்கிறது; சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் இதன் குஞ்சுகளைப் பொரிக்கவைத்த பிறகு இங்கே வளர்ப்பு சாத்தியமாயிற்று. ஆகவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாளிலும் பண்ணைக் கொடுவா கிடைக்க வழியுண்டு. முன்கூட்டிச் சொல்லிவைத்து முழு மீனாக, 700 கிராம் அளவில் வாங்குங்கள். துண்டு வேண்டாம்.

மதுரைக்கு வரும் கடல் மீன் ராமேஸ்வரத்திலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ ஐஸில் ஏறி வருவது. குழம்புக்கு ஒருநாள் கூடினாலும் புளியும் மிளகாயும் தாங்கிக்கொள்ளும். ஆவியில் வைத்தால் மறைக்க ஒன்றுமில்லை, மீனின் வயது அப்படியே தெரிந்துவிடும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பானால் வேண்டாம். கண் புடைத்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிரம்ப வேண்டும்.

கவுச்சிக்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் இருக்கும் கருஞ்சிவப்பு ரத்தக்கட்டைக் கீறி எடுக்காமல் விட்டது. இரண்டாவது, தண்ணீர் கொதிக்கும் முன்பே மீனை வைத்தது. மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை: வெந்தபின் தட்டில் கலங்கலாக ஒரு நீர் நிற்கும், கவுச்சி முழுக்க அதில்தான். அதைக் கொட்டிவிட்டுத்தான் சாற்றை ஊற்ற வேண்டும்.

இருபக்கமும் எலும்பு வரை மூன்று கீறல். வயிற்றில் நசுக்கிய எலுமிச்சம்புல் இரண்டு. தட்டில் இரண்டு புல்தண்டுகளைக் குறுக்கே வைத்து அதன்மேல் மீனை வையுங்கள், அப்போதுதான் அடிப்பக்கமும் ஆவி படும். தளதளவென்று கொதிக்கும்போது உள்ளே வைத்து, பெரிய தீயில் 12 முதல் 14 நிமிடம். நடுவில் மூடியைத் திறக்காதீர்கள். கீறலில் கத்தி முனையை விட்டால் சதை எலும்பை விட்டு விலக வேண்டும்.

சாறு தனியே: எலுமிச்சைச் சாறு ஐந்து மேசைக்கரண்டி, மீன் சாஸ் மூன்று, சர்க்கரை ஒன்று, பொடியாக நறுக்கிய பூண்டு எட்டுப் பல், ஊசி மிளகாய் எட்டு, கொதிநீர் நான்கு மேசைக்கரண்டி. நீரில் முதலில் சர்க்கரையைக் கரைத்து ஆறவிட்டுப் பிறகு மற்றதைச் சேருங்கள். இதை அடுப்பில் வைக்கவே கூடாது. சூடான மீன்மேல் ஊற்றி, மல்லித்தழை தூவி உடனே சாப்பிட வேண்டும்.

மீன் சாஸ் வாங்கினேன். திறந்ததும் கருவாட்டு நாற்றம். கெட்டுப்போனதா?
– வாசகி, வாடிப்பட்டி

இல்லை. நெத்திலியையும் உப்பையும் கலந்து ஒரு வருடத்துக்கு மேல் ஊறவிட்டு வடித்த நீர் அது, மணம் அப்படித்தான் இருக்கும். எலுமிச்சையும் பூண்டும் சேர்ந்தால் நாற்றம் போய் ருசி மட்டும் நிற்கும். தேன் நிறத்தில் தெளிவாக இருப்பது நல்லது. புட்டியில் சேர்மானம் பாருங்கள்: நெத்திலி, உப்பு, கொஞ்சம் சர்க்கரை, இவ்வளவுதான் வேண்டும். அடியில் உப்புப் படிகம் நின்றால் பயமில்லை.

கடலோரக் கடைகளில் பச்சைச் சிப்பி, ரத்தம் வடியும் மட்டி எல்லாம் தின்கிறார்களே, நாமும் தின்னலாமா?
– வாசகர், திருப்பரங்குன்றம்

வேண்டாம் என்பதே எங்கள் பதில். அந்த மட்டி ‘ஹோய் க்ரேங்’. அதன் சிவப்பு, நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின்தான். வெந்நீரில் சில நொடி முக்கித் தருவார்கள், உள்ளே வேகாது. மட்டியும் சிப்பியும் கடல்நீரை வடிகட்டி வாழ்பவை, நீரில் கழிவு கலந்தால் கிருமி அவற்றுக்குள் சேரும். 1988இல் ஷாங்காயில் சரியாக வேகாத மட்டியால் ஏறத்தாழ 3 லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. நன்றாக வேகவைத்துக் கேளுங்கள், ஓடு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், திறக்காததை ஒதுக்குங்கள். பச்சைச் சிப்பியோடு வைக்கும் கொழுந்து என்ன தெரியுமா? நம் ஊரில் ஆட்டுக்குப் போடும் சவுண்டல். அதைத் தாராளமாகத் தின்னலாம்.

இன்னொன்று, இது முக்கியம். கவிழ்த்த இரும்புச் சட்டி மாதிரி ஓடும் ஊசி வாலும் உள்ள ஒன்றைச் சுட்டு, அதன் முட்டையைச் சாலட்டாகத் தருவார்கள். ‘மேங் தா’ என்று பெயர். குதிரைலாட நண்டு. இதில் இரண்டு வகை, சதுப்புநிலத்தில் வாழும் சின்ன வகையில் டெட்ரோடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கலாம். சுட்டாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது, உயிரே போயிருக்கிறது. வால் குறுக்குவெட்டில் முக்கோணமா உருண்டையா என்று பார்த்துப் பிரிப்பார்கள். சாலட்டாக வந்த தட்டில் வாலைப் பார்க்க முடியாது. ஆகவே கேட்கவே கேட்காதீர்கள்.

எங்கள் கண்மாயில் ஜிலேபி மீனும் விராலும் கிடைக்கின்றன. கடல் மீன் இல்லாமல் தாய்லாந்து முறையில் கரையிலேயே ஒரு விருந்து வைக்க முடியுமா?
– வாசகர், சோழவந்தான்

கடல் மீனே தேவையில்லை. உப்புப் பூசித் தணலில் சுடும் ‘ப்லா பௌ’வுக்குத் தாய்லாந்தில் எடுப்பதே இந்த இரண்டையும்தான். ஜிலேபிக்கு அங்கே ‘ப்லா நின்’ என்று பெயர். 1965இல் ஜப்பான் இளவரசர் அகிஹிதோ 50 மீன்களைத் தாய்லாந்து மன்னருக்கு அனுப்பிவைத்தார். நாடு முழுக்கப் பெருகியது அவற்றின் வம்சம்.

முதலில் சேற்று வாடை. பாசி நீரில் உருவாகும் ஜியோஸ்மின் என்ற பொருளால் அது வருகிறது. உயிர்மீனை இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீர்த் தொட்டியில் விட்டுவைத்தால் பெருமளவு குறையும். மிச்சத்தை எலுமிச்சை பார்த்துக்கொள்ளும், புளிப்புப் பட்டால் ஜியோஸ்மின் சிதையும்.

மீன் ஒன்று 600 முதல் 800 கிராம். செதிலை உரசக் கூடாது. குடலையும் செவுளையும் மட்டும் எடுத்துவிட்டு, நசுக்கிய எலுமிச்சம்புல் மூன்று, நார்த்தை இலை நான்கு ஆகியவற்றை வாய் வழியாக வயிறு வரை செருகுங்கள். ஒன்றிரண்டாக இடித்த கல்லுப்பு 200 கிராம், மைதா இரண்டு மேசைக்கரண்டி, கொஞ்சம் தண்ணீர் கலந்து மீன் முழுக்க அப்புங்கள். உப்புக் கரிக்காது, ஏனென்றால் செதில்தான் மறைப்பு. செதில் உரசிய மீனில் அப்பினால் கருவாடாகிவிடும். உப்பு ஓடு கட்டி உள்நீரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும்.

தணல் நீறு பூத்திருக்க வேண்டும். கை நீட்டினால் ஐந்தாறு எண்ணும் வரை தாங்குகிற சூடு. சுவாலை பட்டால் ஓடு கருகும், உள்ளே வேகாது. பக்கத்துக்கு 18 முதல் 20 நிமிடம், ஒரே ஒரு முறை திருப்புங்கள். விரால் கனமானது, இன்னும் பத்து நிமிடம் கூட வைக்கலாம். வெந்ததும் முதுகோரம் கத்தியால் கீறி, தோலையும் உப்பையும் சேர்த்துப் போர்வை மாதிரி உரித்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று சதை ஆவி பறக்க நிற்கும்.

தொட்டுக்கொள்ள ‘நாம் ஜிம்’. உரலில் கொத்தமல்லி வேர் மூன்று, பூண்டு எட்டுப் பல், ஊசிப் பச்சை மிளகாய் பத்து, இந்த வரிசையில் கொரகொரப்பாக இடியுங்கள். மிக்ஸியில் மையாக அடித்தால் தண்ணீராகி மீனில் ஒட்டாது. பனைவெல்லம் ஒன்றரை மேசைக்கரண்டி, மீன் சாஸ் மூன்று, எலுமிச்சைச் சாறு நான்கு. நிற்க நிற்க எலுமிச்சை மணம் இறங்கும், அதனால் மீனை உரிக்கும்போது பழத்தைப் பிழியுங்கள்.

அங்கே இதோடு கீரை இலைகளும் ‘கனோம் சீன்’ என்ற அரிசி நூலும் வைப்பார்கள். நமக்கு இடியாப்பம் இருக்கிறது. ஒரு லெட்யூஸ் இலையில் ஒரு பிடி இடியாப்பம், ஒரு விள்ளல் மீன், மேலே அரைக் கரண்டி நாம் ஜிம்; மடித்து ஒரே வாயில் போட வேண்டும். நாலு பேருக்கு இரண்டு மீன், பத்து இடியாப்பம். விராலில் முள் குறைவு, ஆகவே பிள்ளைகள் பக்கம் விரால் இருக்கட்டும்.